அரசாங்கத்தை நம்பாதேங்கோ என்று சொல்லும் அண்ணைக்கு

போன மாதம் எங்கட வாசிப்பு வட்டத்தில் புத்தகம் ஒன்றும் வாசிக்கவில்லை. காசு பற்றிக் கதைத்தோம். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு லட்சம் ரூபா. போடுறதா, விடுறதா?

விசயம் இதுதான். எங்களோடு படித்த தோழி ஒருத்தி, மொறட்டுவையில் உயிர்மருத்துவப் பொறியியல் முடித்தவள், 2019இல் இருந்து ஒரு சின்னக் கொம்பனி நடத்துகிறாள். பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வந்தால் "லைட்டுக்குள்ள வைக்கிறது" என்று எங்கட அம்மாமார் சொல்வார்களே, அந்த நீல லைட்டைத்தான் செய்கிறாள். நாலு பேர் வேலை செய்கிறார்கள். இரண்டாம் தொகுதி லைட்டுகளைச் செய்யவும் தரச் சான்றிதழைப் புதுப்பிக்கவும் அவளுக்குக் காசு வேணும். வங்கி ஈடு கேட்கிறது. ஈடு வைக்க அவளிடம் ஒரு ஸ்கூட்டியும் ஒரு அளவுமானியும்தான் இருக்கின்றன. எங்களிடம் வந்தாள்.

எங்களுக்குக் காசு விசயம் தெரியாது. ஆகவே, கொழும்பில் பங்குத் தரகு நிறுவனமொன்றில் பத்து வருடம் இருந்த ஒரு அண்ணையைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டோம். அவர் பொறுமையாகக் கணக்கைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தங்கச்சியின்ர லைட் நல்ல சாமான்தான். ஆனா அவவுக்கு வாடிக்கையாளர் ஆர்? அரசாங்க ஆஸ்பத்திரி. ஒரேயொரு வாடிக்கையாளர். அதுவும் வாடிக்கையாளர் இல்லை, கடன்காரன். அரசாங்கத்தை நம்பின கொம்பனியில காசு போடாதேங்கோ."

அண்ணை நல்ல மனுசன். எங்கட காசு போகக்கூடாது என்றுதான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வசனம் இரண்டு கிழமையாக எங்களை நித்திரை கொள்ள விடவில்லை. அது ஏன் பிழை என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த லைட்டைப் பற்றிக் கொஞ்சம். பிறந்து இரண்டு மூன்று நாளில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் தோலும் கண்ணும் மஞ்சளாகும். இரத்தத்தில் பிலிருபின் கூடுவதுதான் காரணம். அநேகமாகத் தானாகவே இறங்கிவிடும். சில பிள்ளைகளுக்கு இறங்காது. கட்டுக்கு மேலே போனால் அது மூளையில் படியும். படிந்தால் காது கேளாமை, கை கால் விளங்காமை, சாவு. இவ்வளவு பெரிய ஆபத்துக்கு மருந்து என்னவென்றால் வெறும் நீல வெளிச்சம். 460 நனோமீற்றர் அளவு அலைநீளமுள்ள வெளிச்சம் தோலில் பட்டால் பிலிருபின் உருமாறி, உடம்பால் வெளியேற்றக்கூடிய பொருளாகிவிடும்.

இதைக் கண்டுபிடித்தது எந்தக் கொம்பனியும் இல்லை. 1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ரொச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் ஜீன் வார்ட் என்ற தாதி, குறைமாதப் பிள்ளைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவாராம். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளிறியிருப்பதையும், துணி மூடியிருந்த இடத்தில் மஞ்சள் அப்படியே இருப்பதையும் கவனித்துப் பெரிய டொக்டருக்குக் காட்டினார். யன்னலோரம் மறந்துபோய் வைத்த இரத்த மாதிரியிலும் அளவு குறைந்திருந்தது. 1958இல் அங்கிருந்த டொக்டர்மார் அதை லான்செட் இதழில் எழுதினார்கள். அது பொதுமக்களின் வரிப்பணத்தில் ஓடிய, தேசிய சுகாதார சேவை ஆஸ்பத்திரி. ஒரு தாதியின் கண். இன்று உலகம் முழுக்க விற்கப்படுகிற ஒரு சாதனத்தின் பிறப்புச் சான்றிதழில் இருப்பது இந்த இரண்டும்தான். ஆகவே "அரச சுகாதாரத்தை நம்பின கொம்பனி" என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால், இந்தத் துறையில் அதை நம்பாத கொம்பனி எது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கட நாட்டில் பிள்ளைப்பேற்றில் பெரும்பங்கு நடப்பது அரசாங்க ஆஸ்பத்திரியில். பிள்ளைக்கு மஞ்சள் வந்தால் படுப்பதும் அங்கேதான். தோழி வேறு யாருக்கு விற்பாள்? தனியார் ஆஸ்பத்திரிக்காரர் வெளிநாட்டுப் பெயர் ஒட்டிய லைட்டைத்தான் கேட்கிறார்கள். அது அவர்களின் பில்லுக்கும் அழகு.

அவளுடைய லைட்டில் ஒரு நல்ல விசயம் இருக்கிறது. பழைய லைட்டுகள் நீல ரியூப் பல்ப் போட்டவை. அந்த ரியூப்புக்கு ஆயுள் இருக்கிறது. குறிப்பிட்ட மணித்தியாலம் எரிந்த பிறகு அது பார்வைக்கு நீலமாகத்தான் எரியும், ஆனால் வேலை செய்கிற கதிரின் அளவு இறங்கிவிடும். அளவுமானி வைத்துப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. தாதி நினைப்பார் லைட் எரிகிறது என்று. தாய் நினைப்பாள் பிள்ளைக்கு வைத்தியம் நடக்கிறது என்று. பிள்ளை வெறும் நீல நிறத்துக்குக் கீழே கிடக்கும். தோழி போகிற ஒவ்வொரு விடுதியிலும் முதலில் பழைய லைட்டை அளந்து காட்டுவாள். விற்பனைத் தந்திரம் என்று நினைத்துவிடாதேங்கோ. லைட் விற்காவிட்டாலும் அளந்துவிட்டு, உயரத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு வருவாள். (அண்ணை இதையும் குறையாகச் சொன்னார். "அவ வியாபாரம் செய்யிறாவா, சேவை செய்யிறாவா?")

இனி அண்ணை சொன்னதில் சரியானதைச் சொல்வோம். கன விசயம் சரி.

அரசாங்கத்துக்கு ஒரு மருத்துவச் சாதனம் விற்பது எப்படி என்று இந்த இரண்டு கிழமையில்தான் நாங்கள் விளங்கிக்கொண்டோம். முதலில் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிய வேணும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருந்துக்கு மட்டுமல்ல, சாதனத்துக்கும் அது வேணும். அது வேணும்தான், அதில் எங்களுக்கு முரண்பாடு இல்லை. பிறகு ரென்டர். ரென்டரில் இத்தனை வருட அனுபவம் காட்டு, கணக்காய்வு செய்த கணக்குக் காட்டு, வங்கிப் பிணை வை என்று வரும். புதுக் கொம்பனிக்கு அனுபவம் இல்லை. ரென்டர் கிடைக்காமல் அனுபவம் வராது, அனுபவம் இல்லாமல் ரென்டர் கிடைக்காது. இதற்கு மேலே, யார் வாங்குவது என்பதே ஒரு குழப்பம். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். பல ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். உபகரணம் ஒரு பிரிவு, ஒருமுறை பாவித்து எறிகிற சாமான் இன்னொரு பிரிவு.

எல்லாம் தாண்டி விற்றால் காசு எப்போது வரும்? அங்கேதான் கழுத்து நெரிபடும். ஒதுக்கீடு வேறு, கட்டுநிதி வேறு. ஒதுக்கீடு என்றால் தாளில் இருக்கிற காசு. கட்டுநிதி என்றால் திறைசேரி உண்மையிலேயே அனுப்புகிற காசு. ஒதுக்கீட்டை நம்பி ஆஸ்பத்திரி சாமானை வாங்கிவிடும். கட்டுநிதி வரும்வரை பில் கோவைக்குள் கிடக்கும். டிசம்பர் 31 தாண்டினால் அடுத்த வருடத்துக் கதை.

தோழியின் முதல் பெரிய விற்பனை 2022 ஒக்டோபரில் நடந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஆறு லைட், ஒன்று 2 லட்சத்து 40 ஆயிரம், மொத்தம் 14 லட்சத்து 40 ஆயிரம். அவளுக்குப் பிடித்த செலவு 12 லட்சத்து 90 ஆயிரம். லாபம் ஒன்றரை லட்சம் என்று எழுதி வைத்திருந்தாள். காசு வந்தது 2023 ஜூலையில். ஒன்பது மாதம். அந்த நேரம் வங்கிக் கடன் வட்டி 28 வீதத்துக்குக் கிட்ட நின்றது. 12 லட்சத்து 90 ஆயிரத்துக்கு ஒன்பது மாத வட்டி 2 லட்சத்து 70 ஆயிரம். ஒன்றரை லட்சம் லாபம் ஒன்றேகால் லட்சம் நட்டமாக மாறியது. லைட் பழுதாகவில்லை. விலை பிழைக்கவில்லை. வாங்கினவர் ஏமாற்றவும் இல்லை, கடைசிச் சதம் வரை தந்தார். நாட்காட்டி மட்டும்தான் அவளைத் தின்றது.

அண்ணை இந்தக் கணக்கைக் காட்டித்தான் "பாத்தீங்களே" என்றார்.

பார்த்தோம். பிறகு நாங்கள் அவரிடம் ஒரு கேள்வி கேட்டோம்: அண்ணை, அந்த 2022 ஒக்டோபரில் நீங்கள் உங்கட காசை எதில் போட்டிருந்தீங்கள்? கொஞ்சம் சிரித்துவிட்டுச் சொன்னார். திறைசேரி உண்டியல்.

திறைசேரி உண்டியல் என்றால் என்ன? அரசாங்கத்துக்குக் கொடுக்கிற கடன். 2022 கடைசியில் 91 நாள் உண்டியலுக்கு வட்டி 30 வீதத்துக்கு மேல் போனது. தோழி போட்ட அதே 12 லட்சத்து 90 ஆயிரத்தை அண்ணை அதே ஒன்பது மாதம் 30 வீதத்தில் உண்டியலில் வைத்திருந்தால், வரிக்கு முதல் 2 லட்சத்து 90 ஆயிரம் கையில். ஒரு லைட் செய்ய வேண்டாம். ஒரு தாதியின் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

அப்ப, அரசாங்கத்தை நம்பினது ஆர்? இரண்டு பேரும்தான். ஒரே அரசாங்கம், ஒரே திறைசேரி, ஒரே ஒன்பது மாதம். காசாகக் கடன் கொடுத்தவருக்கு 30 வீதம். லைட்டாகக் கடன் கொடுத்தவளுக்குச் சுழியம். ஏனென்றால் அவளுடையது கடன் என்றே கணக்கில் இல்லை. அது "நிலுவை". கடன் என்றால் நாளுக்குக் கட்ட வேணும், கட்டாவிட்டால் சர்வதேசச் செய்தி. நிலுவை என்றால் கிளார்க்கிடம் போய்க் கெஞ்ச வேணும்.

இது ஏதோ தற்செயல் என்று நினைத்தால் 2023 ஜூனை ஞாபகப்படுத்துங்கோ. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று ஒன்று வந்தது. நாடு வங்குரோத்து, எல்லோரும் சுமக்க வேணும் என்றார்கள். யார் சுமந்தது? வங்கிகள் கையில் இருந்த ரூபா முறிகளைத் தொடவில்லை. தனியாட்கள் கையில் இருந்த உண்டியல்களைத் தொடவில்லை. தொட்டது ஊழியர் சேமலாப நிதியை. ஆடைத் தொழிற்சாலைப் பெட்டையின் காசை, மலையகத்தில் கொழுந்து எடுக்கிற அம்மாவின் காசை. அரசாங்கம் யாருக்கு முதலில் கட்டும், யாரைக் காக்க வைக்கும் என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையின் முன்னுக்கு நிற்கிறவர் பின்னுக்கு நிற்கிறவளைப் பார்த்து, "இந்த அரசாங்கத்தை நம்பாதே" என்று புத்தி சொல்கிறார்.

ஆகவே அண்ணையின் வசனத்தை நாங்கள் இப்படித் திருத்துகிறோம்: அரசாங்கத்தை நம்பினது பிரச்சினை இல்லை. வரிசையில் எங்கே நிற்கிறாய் என்பதுதான் பிரச்சினை. அந்த வரிசை கடவுள் எழுதினதும் இல்லை.

சரி, அவர் சொன்ன மாற்று வழி என்ன? "அரசாங்கத்தை விட்டிட்டு நேரா ஆக்களுக்கு வித்தா உடன காசு." வீட்டுக்கு வாடகைக்கு லைட் கொடுக்கலாமாம். இந்த யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த உடன்காசு யாருடைய பையில் இருந்து வருகிறது?

எங்களில் ஒருத்தரின் அம்மம்மாவுக்குக் கண்புரை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் இலவசம். ஆனால் வில்லை கையிருப்பில் இல்லை என்று ஒரு சின்னத் துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். வெளியில் வாங்கிக்கொண்டு வரட்டாம். அந்தத் துண்டோடு அம்மம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. இந்த நாட்டில் இருந்துதான் 1964இல் இருந்து உலகம் முழுவதற்கும் கருவிழி அனுப்புகிறோம். ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் எத்தனையோ நாட்டுக்காரருக்குப் பார்வை கொடுத்திருக்கிறது. செத்தவனின் கண்ணை இலவசமாக அனுப்புகிற ஊரில், உயிரோடு இருக்கிற கிழவிக்கு வில்லை இல்லை.

அந்த வில்லையை விற்ற கடைக்காரருக்கு நிலுவை இல்லை. ஒன்பது மாதக் காத்திருப்பு இல்லை. அண்ணையின் கண்ணில் அவர்தான் நல்ல முதலீடு. ஆபத்து எங்கேயும் போய்விடவில்லை, அம்மம்மாவின் கழுத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். அரச ஆஸ்பத்திரியை நம்பாத கொம்பனி என்று சொல்வதெல்லாம், கூட்டிக் கழித்துப் பார்த்தால், நோயாளியின் நகையை நம்பின கொம்பனி.

2022 ஏப்ரலில் என்ன நடந்தது என்று மறந்திருக்க மாட்டீர்கள். குறைமாதப் பிள்ளைகளின் மூச்சுக்குழாய்க்குள் விடுகிற சின்ன ரியூப், ஒருமுறை பாவித்து எறிய வேண்டியது, முடிந்துகொண்டு வருகிறது என்று குழந்தைப்பேற்று வைத்தியர் சங்கத் தலைவரே கடிதம் எழுதினார். எறியாதேங்கோ, கழுவித் தொற்றுநீக்கி வைத்திருங்கோ, திரும்பப் பாவிக்க வேண்டி வரலாம் என்று. அதற்கு முதல் மாதம்தான் பேராதனை ஆஸ்பத்திரியில் மருந்தில்லாமல், திட்டமிட்ட ஒப்பரேசன்களை நிறுத்தினார்கள். அந்தச் சின்ன ரியூப்பில் ரொக்கட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஆனால் டொலர் இல்லை என்றதும் அதுவும் இல்லை. அப்போது எல்லா அரசியல்வாதியும் உள்ளூர் உற்பத்தி, உள்ளூர் உற்பத்தி என்று கத்தினான். ஒக்டோபரில் ஒருத்தி உள்ளூரில் உற்பத்தி செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுக்கு ஜூலையில் காசு கொடுத்தார்கள்.

எங்கட நாடு வங்குரோத்து நாடு, அதனால்தான் இப்படி என்று சிலர் சொல்வார்கள். பணக்கார நாட்டுக் கதை ஒன்றும் சொல்கிறோம். இங்கிலாந்தில் சிச்செஸ்டர் என்ற ஊரில் டெல்டெக்ஸ் மெடிக்கல் என்று ஒரு சின்னக் கொம்பனி. லண்டன் பங்குச் சந்தையில் சின்னக் கொம்பனிகளுக்கான பிரிவில் இருந்தது. மயக்க மருந்து கொடுத்து ஒப்பரேசன் செய்யும்போது தொண்டைக்குள்ளால் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, இருதயத்தில் இருந்து போகிற இரத்தத்தின் ஓட்டத்தை அளக்கிற கருவி அவர்களுடையது. சேலைன் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அது காட்டும். 2011 மார்ச்சில் அந்நாட்டின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனமான நைஸ் இதைப் பரிந்துரை செய்தது. ஒரு நோயாளிக்கு ஏறக்குறைய 1,100 பவுண் மிச்சம் என்றும் கணக்குக் காட்டியது. அதே வருடம் டிசம்பரில், நாடு முழுக்கப் பரப்ப வேண்டிய ஒருசில புதுமைகளில் ஒன்றாக அரசாங்கமே இதன் பெயரை எழுதியது. முதலீட்டாளருக்கு இதைவிட வேறென்ன வேணும்? இனிக் காசு கொட்டும் என்று பங்கு வாங்கினார்கள்.

கொட்டவில்லை. ஏன்? மிச்சம் வருகிற இடம் ஒன்று, செலவு விழுகிற இடம் இன்னொன்று. ஒருமுறை பாவிக்கிற கம்பியின் பில் ஒப்பரேசன் தியேட்டரின் தலையில் விழும். நோயாளி இரண்டு நாள் முந்தி வீட்டுக்குப் போவதால் வருகிற மிச்சம் விடுதியில் நிற்கும். அதுவும் காசாக இல்லை, ஒரு வெறுமையான கட்டிலாக. அந்தக் கட்டிலில் அடுத்த நோயாளி வந்து படுத்துவிடுவார். தியேட்டர் பொறுப்பாளருக்குத் தெரிவதெல்லாம் தன்னுடைய செலவு கூடினது மட்டும்தான். பிறகு வந்த ஆய்வுகளும் முதலில் வந்தவை போல அவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. கடைசியில் அந்தப் பங்கு ஒரு பென்னிக்கும் கீழே போனது.

அந்தப் பங்குதாரர்களுக்காக நாங்கள் அழவில்லை. சூதாடினார்கள், தோற்றார்கள். ஆனால் அரசாங்கம் "இது நல்லது" என்று சொல்வதும் அரசாங்கம் அதை வாங்குவதும் ஒன்றில்லை. பரிந்துரையை நம்பிக் காசு போடுகிறவன் வெறும் அறிக்கையில் காசு போடுகிறான். தோழியிடமும் அமைச்சு அதிகாரிகளின் பாராட்டுக் கடிதம் மூன்று இருக்கிறது. அதைக் காட்டித்தான் எங்களிடம் முதலில் கதைக்கத் தொடங்கினாள். அதைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டுப் பில்லைக் காட்டச் சொன்னோம்.

மறுபக்கத்துக் கதை மதுரையில் இருக்கிறது. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வுபெற்ற கண் வைத்தியர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 கட்டிலோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கண்புரை ஒப்பரேசனுக்கான செயற்கை வில்லை அந்தக் காலத்தில் வெளிநாட்டில் நூறு டொலர் அளவில் விற்றது. 1992இல் அவர்களே அரோலாப் என்று ஒன்றைத் தொடங்கி வில்லை செய்தார்கள். பத்து டொலருக்குக் கீழே கொண்டுவந்தார்கள். இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அது போகிறது. பங்குச் சந்தையில் அது இல்லை, அறக்கட்டளையின் சொத்து. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் வெங்கடசாமியின் தியாகத்தில் போய் நிற்பார்கள். தியாகம் இருந்தது, மறுக்கவில்லை. நாங்கள் பார்ப்பது வேறொன்றை. அரோலாப் முதல் வில்லையைச் செய்யும்போதே, மாதா மாதம் ஆயிரக்கணக்கில் எடுக்கிற ஆஸ்பத்திரி ஒன்று பக்கத்திலேயே நின்றது. எத்தனை எடுக்கும் என்று தெரியும். அடுத்த மாதமும் எடுக்கும் என்று தெரியும். எங்கட தோழியிடம் இல்லாதது அது ஒன்றுதான். அறிவு இருக்கிறது, லைட் இருக்கிறது, மஞ்சள் வந்த பிள்ளை ஒவ்வொரு நாளும் பிறக்கிறது. நாளுக்கு எடுத்து நாளுக்குக் காசு கொடுக்கிற ஆஸ்பத்திரிதான் இல்லை.

இனி எங்கட பக்கத்துத் தோழர்களுக்கும் ஒரு சொல். கூட்டத்தில் இரண்டு பேர் அண்ணைக்கு எதிர்த்திசையில் இருந்து வந்தார்கள். சுகாதாரத்தில் லாபம் என்ற சொல்லே வரக்கூடாது, தனியார் முதலீடு எதுவும் வேண்டாம், அரசாங்கமே லைட் செய்யட்டும் என்றார்கள். செய்யட்டும், யார் வேண்டாம் என்றது? 1971இல் சேனக பிபிலே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி, மருந்தை ஒரே இடத்தில் மலிவாக வாங்கிக் காட்டின நாடு இது. பெரிய கொம்பனிகள் அதற்கு என்ன செய்தன என்பதும் பதிவில் இருக்கிறது. அந்த வழியை நாங்கள் கைவிடவில்லை. ஆனால் இன்றைக்கு அரசாங்கம் லைட் செய்யவில்லை, வாங்குகிறது. யாரிடம்? அநேகமாக வெளிநாட்டுக் கொம்பனியின் உள்ளூர் முகவரிடம். முகவர் ஒன்றையும் செய்வதில்லை, பெட்டியைக் கைமாற்றுவார். அவருக்குப் பெரிய வங்கி வசதி இருக்கிறது, ஒன்பது மாதம் காத்திருக்கலாம். காத்திருக்கிற செலவை விலையிலும் ஏற்றிவிடலாம். பிந்திக் காசு கொடுக்கிற பழக்கம் சின்ன ஆளை வெளியேற்றிவிட்டு முகவரைத்தான் உள்ளே வைத்திருக்கிறது. நீங்கள் முதலாளித்துவத்தை எதிர்ப்பதாக நினைத்துத் தோழியை ஒதுக்கினால், அந்த இடம் வெறுமையாக இருக்காது.

அதேநேரம் உள்ளூர் என்றால் உடனே தலையில் தூக்கி வைக்கவும் ஆயத்தமில்லை. 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு என்று வந்த கேகாலைப் பாணியைச் சுகாதார அமைச்சரே குடித்துக் காட்டின நாடு இது. சனம் வரிசையில் நின்றது. அடுத்த மாதம் அமைச்சருக்கே கொரோனா. பிறகு தரமற்ற இம்யுனோகுளோபுலின் விவகாரம். உள்ளூர்க் கொம்பனிதான் வழங்கியது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கைது வரைக்கும் அது போனது. ஆகவே உள்ளூர்க் கொம்பனிக்கு என்று பதிவைத் தளர்த்து, பரிசோதனையை விடு என்று யாராவது கேட்டால் நாங்கள் எதிர்ப்போம். தோழி கேட்டாலும் எதிர்ப்போம். அவள் கேட்கவில்லை. அவள் கேட்டது காசை நாளுக்குத் தரச் சொல்லி மட்டும்தான்.

அது நடக்காத காரியமா? இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சிறு தொழில் செய்கிறவரிடம் சாமான் வாங்கினால் 45 நாளுக்குள் காசு கட்ட வேணும், கட்டாவிட்டால் வங்கி வீதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. இங்கிலாந்தில் 1998இல் இருந்து, பிந்தின பில்லுக்கு அடிப்படை வட்டிக்கு மேல் 8 வீதம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. சட்டம் இருந்தால் மட்டும் எல்லாம் சரிவரும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பிந்தினால் வட்டி ஏறும் என்றொரு வரி பில்லில் இருந்தால், நிலுவை அந்த நாளே கடனாக மாறும். கணக்காளரின் மேசையில் கோவைகளின் ஒழுங்கு மாறும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் யாருக்கு எவ்வளவு, எத்தனை நாளாக நிலுவை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் ஒட்டினால் போதும், பாதி வேலை முடிந்தது. ரென்டரில் ஆகக் குறைந்த விலையை மட்டும் பார்க்காமல் ஐந்து வருடத்துச் செலவைப் பார்க்கட்டும். ரியூப் மாற்றுகிற காசு, பழுது பார்க்க ஆள் கொழும்பில் இருந்து வருகிறாரா, வவுனியாவில் இருந்து வருகிறாரா, எல்லாவற்றையும். இதற்கு டொலர் தேவையில்லை. சர்வதேச நாணய நிதியத்திடம் கேட்கவும் தேவையில்லை.

எங்களில் பாதிப் பேர் எழுதுகிற கட்டுரைகளில் இலவச சுகாதாரத்தைக் காப்போம் என்று வரும். யாரிடம் இருந்து? தனியார் ஆஸ்பத்திரியிடம் இருந்து, நிதியத்திடம் இருந்து. எல்லாம் சரி. கோவைக்குள் கிடக்கிற பில்லைப் பற்றி ஒருத்தரும் எழுதினதில்லை, நாங்களும்தான். போராட்டத்துக்குப் போகிற விசயமாக அது தெரியவில்லை. ஆனால் அந்தத் துண்டு எழுதுகிற மேசைக்குப் பின்னால் எங்கேயோ ஒரு நிலுவை இருக்கும். வழங்கினவன் இனித் தரமாட்டேன் என்றிருப்பான். கையிருப்பு முடிந்திருக்கும். பிறகு துண்டு, பிறகு அடகுக்கடை.

என்ன முடிவெடுத்தோம் என்று கேட்பீர்கள். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் போட்டோம். மற்ற ஐந்து பேரில் ஒருத்தருக்குக் கலியாணம், ஒருத்தர் கனடா போக விசாவுக்குக் காசு காட்ட வேணும், மூன்று பேர் அண்ணை சொன்னது சரி என்று நினைக்கிறார்கள். அவர்களோடு சண்டை இல்லை. ஏழு லட்சமும் பங்காகப் போகவில்லை. மூன்று வருடக் கடன், 8 வீத வட்டி. தோழிதான் வட்டி கட்டாயம் வேணும் என்றாள். "எனக்கும் ஆராவது நாளுக்குக் கட்டச் சொல்லிக் கேக்கட்டும்" என்றாள். நாங்கள் ஒரு நிபந்தனை போட்டோம். எந்த ஆஸ்பத்திரி எத்தனை நாள் பிந்துகிறது என்ற கணக்கை எங்களுக்கு மாதம் ஒருமுறை அனுப்ப வேணும், பெயரோடு. அதை வைத்து என்ன செய்யலாம் என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. பெயரை வெளியில் போட்டால் அடுத்த ரென்டர் அவளுக்குக் கிடைக்காது என்ற பயம் அவளுக்கும் இருக்கிறது, எங்களுக்கும் இருக்கிறது.

அண்ணைக்கு இதை அனுப்பினோம். திறைசேரி உண்டியல் வட்டி இப்ப ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது, ஆகவே உங்கட 8 வீதம் அவ்வளவு பிழையில்லை என்று பதில் போட்டிருக்கிறார்.

இரண்டாம் தொகுதியில் முதல் நாலு லைட் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த விடுதியில் இருந்த பழைய லைட்டையும் அவள் அளந்திருக்கிறாள். வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. பில் கொடுத்து இன்றைக்கு 41 நாள்.